லஞ்ச் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? காலை 7 மணிக்குக் கட்டிய சாப்பாடு மதியம் 1 மணிக்கு எப்படி இருக்கும்னு முதலில் பாருங்க

காலை 6.40. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. ஒரு அடுப்பில் உருளைக்கிழங்கு வறுவல், இன்னொன்றில் தாளிப்பு. 7.10-க்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தை டிபன் பாக்ஸில் அள்ளி வைத்து, மூடியை அழுத்திப் பூட்டி, பையில் திணித்து, "மிச்சம் வைக்காம சாப்பிடணும்" என்று சொல்லி அனுப்புவதற்குள் வேன் ஹாரன் அடித்துவிடுகிறது.

மாலை 4 மணிக்கு அதே டப்பா திரும்பி வருகிறது. திறந்தால் பாதி சாதம் அப்படியே இருக்கிறது. கேட்டால், "கொழகொழன்னு இருந்துச்சும்மா, ஒரு மாதிரி வாடை வந்துச்சு" என்று பதில்.

ஆபீஸ் போகிறவர்களின் கதையும் இதுதான். என்ன, அவர்கள் பசியோடு இருக்க மாட்டார்கள். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு ஆப்பில் பிரியாணி ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

இந்த நிலையில் நாம் வழக்கமாகச் செய்வது, புது லஞ்ச் பாக்ஸ் வாங்குவது. கடையில் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை: "கசியாதா? எத்தனை அறை இருக்கு? ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?" மூன்றும் சரியான கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காலையில் மூடும் டப்பாவை மதியம் திறக்கும் வரை, உள்ளே இருக்கும் சாப்பாடு எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் இருக்கப் போகிறது?

டப்பா, அதில் வைக்கும் சாப்பாடு, மூடும் விதம் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

அந்த 6 மணி நேரக் கணக்கு

உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவதற்கு ஏற்ற ஒரு வெப்பநிலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்படி அது 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. அந்த அமைப்பு சொல்லும் விதி இவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 6.45-க்கு அடுப்பிலிருந்து இறங்கிய சாதம், 7 மணிக்கு டப்பாவுக்குள் போகிறது. ஸ்கூலில் 12.40-க்கு லஞ்ச். ஆபீஸில் 1 மணி, மீட்டிங் இழுத்தால் 1.45. ஏறக்குறைய 6 மணி நேரம்.

சாதாரண டப்பாவில் சாதத்தின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 60 டிகிரிக்குக் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகு மதியம் வரை அது 'வெதுவெதுப்பு' என்கிற நிலையிலேயே கிடக்கும். கிருமிக்குப் பிடித்த நிலையும் அதுதான்.

"எங்க ஆபீஸ் ஃபுல் ஏசி, ஒண்ணும் ஆகாது" என்று சிலர் சொல்வதுண்டு. ஏசி அறை 24 டிகிரி. அதுவும் 5-க்கும் 60-க்கும் நடுவில்தான் வருகிறது. வெயிலில் நிற்கும் பைக்கின் சைடு பாக்ஸில் டப்பாவை விடுவதை விட ஏசி மேல், அவ்வளவுதான். அதை ஃப்ரிட்ஜாக நினைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் இத்தனை வருஷமாக டிபன் பாக்ஸ் கொண்டுபோனவர்கள் எல்லாம் தினமும் நோயில் விழுந்தார்களா? இல்லை. கெட்டுப்போகும் வேகம், சாப்பாட்டில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு புளிப்பு இருக்கிறது, சமைத்த கை எவ்வளவு சுத்தம், வெளியே எவ்வளவு வெயில் என்று பலவற்றைப் பொறுத்தது. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் இந்த ரிஸ்க்கை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். அதைக் குறைப்பது பெரிய வேலையும் இல்லை.

'திரும்ப சூடு பண்ணிட்டா சரியாகிடும்' என்பது உண்மையா?

அரிசிச் சாப்பாடு சாப்பிடுகிற நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் இருப்பது, அரிசியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான ஓட்டை உருவாக்கிக்கொண்டு வித்துபோல உறங்கும் திறன் இதற்கு உண்டு. சாதம் கொதித்து வெந்த பிறகும் இந்த வித்துகள் பிழைத்திருக்கும்.

சாதம் வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது வித்துகள் முளைத்து, பெருகி, ஒரு நச்சை உருவாக்கலாம். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, சூட்டுக்கு அசையாது. மைக்ரோவேவில் வைத்து ஆவி பறக்கச் சூடாக்கினாலும் பாக்டீரியா சாகும், அது ஏற்கெனவே கக்கி வைத்த நச்சு அப்படியே இருக்கும்.

அதனால்தான் 'திரும்ப சூடு பண்ணிட்டா சரியாகிடும்' என்பது சாதத்துக்குப் பொருந்தாது. வாடை வராவிட்டாலும்கூட இந்த நச்சு இருக்கலாம். சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதன் அடையாளம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு நீர் வற்றிப்போகும் ஆபத்து இருப்பதால், ஓஆர்எஸ் கொடுப்பதும், வாந்தி நிற்காவிட்டால் டாக்டரிடம் போவதும் அவசியம்.

பல வீடுகளில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ராத்திரி மிஞ்சிய சாதம் மேடையிலேயே கிடக்கும். காலையில் அதைத் தாளித்து லெமன் ரைஸ் ஆக்கி டப்பாவில் கட்டுவோம். அந்தச் சாதத்தின் கணக்கு காலை 7 மணிக்குத் தொடங்கவில்லை, முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கே தொடங்கிவிட்டது. மதியம் சாப்பிடும்போது 16 மணி நேரம் ஆகியிருக்கும். மிஞ்சிய சாதத்தைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. ராத்திரியே அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு எந்த வழி? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சாப்பிடும் இடத்தில் என்ன வசதி இருக்கிறது என்பதை வைத்து, டப்பாவை மூன்று வழிகளில் கொண்டுபோகலாம். சூடாகவே வைத்திருப்பது, குளிராகவே வைத்திருப்பது, இரண்டும் முடியாதபோது அறை வெப்பத்தைத் தாங்கும் சாப்பாடாகப் பார்த்துக் கட்டுவது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரு வழிக்கான டப்பாவை வாங்கி, இன்னொரு வழியின் பழக்கத்தோடு பயன்படுத்துவதில்தான்.

வழி 1: சூடாகவே

ஆபீஸில் ஃப்ரிட்ஜும் இல்லை, மைக்ரோவேவும் இல்லை. சைட் வேலை, கடை வேலை, ஃபீல்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் நிலைமை. இவர்களுக்கு வேக்கம் இன்சுலேட்டட் ஸ்டீல் டப்பா சரியாக வரும்.

இதில் இரண்டு ஸ்டீல் சுவர்கள் இருக்கும், நடுவில் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்திக்கொண்டு போகக் காற்று இல்லாததால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போவது மெதுவாகிவிடும். சூடு அதிகம் தப்பிப் போகும் இடம் மூடிதான். அதனால் வாங்கும்போது டப்பாவை மட்டும் பார்க்காமல் மூடி எவ்வளவு கனமாக, இறுக்கமாக இருக்கிறது என்றும் பாருங்கள்.

கடையில் இதன் பக்கத்திலேயே, வெளியே பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய ஸ்டீல் கிண்ணம் வைத்த டப்பாக்களும் 'இன்சுலேட்டட்' என்ற பெயரில் இருக்கும். பல மாடல்களில் நடுவில் இருப்பது வெறும் காற்று இடைவெளியோ, ஃபோமோ மட்டும்தான். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அவை ஓகே, 6 மணி நேரத்துக்கு நம்ப முடியாது. லேபிளில் 'வேக்கம்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பயன்படுத்தும் முறையும் இதற்குத் தனி. முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி 5 முதல் 10 நிமிடம் மூடி வையுங்கள். டப்பா சூடான பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்க வைத்து உடனே மூடுங்கள். முடிந்தவரை நிரப்புங்கள், பாதி டப்பா சீக்கிரம் ஆறும். மதியம் வரை திறந்து பார்க்காதீர்கள்.

இதில் நடக்கும் பெரிய தப்பு, "ரொம்ப சூடா இருக்கே" என்று கொஞ்சம் ஆற வைத்து, வெதுவெதுப்பாக இதில் மூடுவது. அந்த வெதுவெதுப்பை டப்பா 5 மணி நேரம் பத்திரமாகக் காப்பாற்றும். கிருமி வளர்வதற்கு நாமே ஏற்பாடு பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வாங்கிய டப்பா உண்மையிலேயே தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு லீவு நாள் போதும். காலை 7 மணிக்கு வழக்கம்போல சாப்பாட்டைக் கட்டி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1 மணிக்குத் திறந்து நடுவில் கிச்சன் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கே அது கிடைக்கும். 60-க்கு மேல் காட்டினால் நல்ல டப்பா. 45 காட்டினால், அது சூடு காக்கும் டப்பா அல்ல, விலை அதிகமான சாதா டப்பா.

எலக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பிளக்கில் சொருகினால் சாப்பாடு சூடாகும், வசதிதான். ஆனால் காலையிலிருந்து 12.30 வரை அதில் சாப்பாடு வெதுவெதுப்பாகவே கிடந்து, கடைசி அரை மணி நேரம் மட்டும் சூடானால், மேலே சொன்ன நச்சுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அதுவரை ஃப்ரிட்ஜில் வைக்க முடிந்தால் நல்லது.

வழி 2: குளிராகவே

ஆபீஸில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா? அப்படியானால் ரொம்பப் பாதுகாப்பான வழி இதுதான். பிஜியிலோ ரூம் எடுத்தோ தங்கி, காலையில் எழுந்து சமைக்க முடியாதவர்களுக்கும் இதுதான் ஒத்துவரும்.

முந்தின நாள் ராத்திரியே சமைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஆற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற ரொம்ப நேரம் எடுக்கும். காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகப் பைக்குள், ஆபீஸ் போனதும் நேராக அங்குள்ள ஃப்ரிட்ஜுக்குள். பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இன்சுலேட்டட் பையும் ஐஸ் பேக்கும் வேண்டும். ஐஸ் பேக் இல்லையா? பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ராத்திரி ஃப்ரீசரில் படுக்க வைத்துவிட்டு, காலையில் மீதியை நிரப்பி டப்பாவை ஒட்டி வையுங்கள்.

மதியம் சூடாக்கும்போது ஓரம் மட்டும் சுட்டு நடுவில் ஜில்லென்று இருந்தால் போதாது. பாதியில் எடுத்து ஒருமுறை கிளறிவிட்டு, முழுக்க ஆவி வரும்வரை சூடாக்குங்கள். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும்.

வழி 3: சாதா டப்பா

ஸ்கூல் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் இருப்பது இதுதான். கனமான வேக்கம் டப்பாவைத் தூக்கவும் திறக்கவும் முடியாது, ஃப்ரிட்ஜும் கிடையாது. இங்கே டப்பாவால் செய்யக்கூடியது குறைவு. எந்தச் சாப்பாட்டைக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் மாற்றம் மூடும் முறையில். வழி 1-க்கு நேர் எதிர் இது. ஆவி பறக்க மூடினால், ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி சாதத்தின் மேலேயே சொட்டும். மதியம் 'கொழகொழ' என்று இருந்ததற்கும், வாடை வந்ததற்கும் அதுதான் காரணம். சாதத்தை அகலமான தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் சில நிமிடம் ஆவி அடங்கவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

இரண்டாவது மாற்றம் மெனுவில். ஈரமும் பருப்பும் தேங்காயும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். சாம்பார் சாதம், கூட்டு, தேங்காய் சட்னி, கெட்டிக் குருமா எல்லாம் இந்த வகை. முட்டை, சிக்கன், மீன், பனீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இவற்றையெல்லாம் வழி 1 அல்லது வழி 2 இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

புளிப்பும் எண்ணெயும் தூக்கலாக, ஈரம் குறைவாக இருப்பவை அதிக நேரம் தாங்கும். கோயிலுக்கும் தூரப் பயணத்துக்கும் கட்டுச்சோறு என்றாலே புளியோதரை என்று நம் வீட்டுப் பாட்டிகள் முடிவுசெய்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது. புளியின் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் வளரத் திணறும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தியோடு ஈரம் சுண்டிய பொரியல், எலுமிச்சை சாதம் எல்லாம் இந்த வழிக்கு ஏற்றவை.

தயிர்சாதத்துக்கும் வீடுகளில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. குழைய வடித்த சாதம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நிறையப் பால் விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசைந்து கட்டிவிடுவார்கள். மதியத்துக்குள் பால் தயிராகத் தோய்ந்து, புளிக்காமல் பதமாக இருக்கும். முழுக்கத் தயிர் விட்டுக் கட்டினால் ஒரு மணிக்குள் புளித்துவிடும். இதை வேக்கம் டப்பாவில் சூடாகக் கட்ட வேண்டாம், சீக்கிரமே புளித்துத் திரிந்துபோகும்.

எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக்: எது எதுக்கு?

எவர்சில்வர்: தினசரி உபயோகத்துக்கு நம்பிக்கையான பொருள். 304 கிரேடு அல்லது 18/8 என்று அடியிலோ அட்டையிலோ போட்டிருக்கும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். புளி, உப்பு, எலுமிச்சை எல்லாம் தாங்கும். 202 கிரேடில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலை மலிவு. உப்பும் புளிப்பும் தொடர்ந்து பட்டால் இதில் புள்ளி புள்ளியாகக் கறை விழ வாய்ப்பு அதிகம்.

"காந்தம் ஒட்டலைன்னா ஒரிஜினல்" என்று கடையில் சொல்வார்கள். 304, 202 இரண்டிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. அதனால் இந்த டெஸ்ட்டை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுவது மேல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சமையல் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756 என்ற இந்தியத் தரநிலை உண்டு. 2024-ல் மத்திய அரசு ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது.

எவர்சில்வரின் ஒரே குறை, மைக்ரோவேவில் வைக்க முடியாது என்பதுதான்.

கண்ணாடி: போரோசிலிகேட் கண்ணாடி டப்பா வழி 2-க்காகவே செய்தது போல. ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் இரண்டுக்கும் ஓகே. மஞ்சள் கறை பிடிக்காது, வாடை தங்காது. மூடி பிளாஸ்டிக் என்றால் சூடாக்கும்போது அதை எடுத்துவிடுங்கள். கனமும் உடையும் பயமும் இருப்பதால் ஸ்கூல் பைக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக்: அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். பலரும் இதைப் பாதுகாப்பு மார்க் என்று நினைக்கிறார்கள். அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதில் 5 என்பது பாலிபுரொப்பிலீன், சூட்டை ஓரளவு தாங்கக்கூடியது. உணவுக்கு ஏற்றது என்பதற்குக் கிளாஸும் ஃபோர்க்கும் போட்ட தனிச் சின்னம் உண்டு. மைக்ரோவேவுக்கு ஏற்றதா என்பதும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

'பிபிஏ ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? பிஸ்பினால் ஏ என்ற ஒரு வேதிப்பொருள் அதில் இல்லை என்று அர்த்தம். உணவோடு படும் பொருட்களில் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதித்தது. ஆனால் 'பிபிஏ ஃப்ரீ' என்பதற்கு, கொதிக்கும் சாம்பாரை ஊற்றலாம், மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. பிளாஸ்டிக்கில் இருந்து வேதிப்பொருட்கள் உணவுக்குள் இறங்குவது சூட்டாலும் எண்ணெயாலும் அதிகமாகும். கீறல் விழுந்த, வெளுத்துப்போன டப்பாவை மாற்றிவிடுங்கள். பார்சலில் வந்த கறுப்பு டப்பாக்கள் ஒரு முறை பயன்பாட்டுக்காகச் செய்தவை. அவற்றை லஞ்ச் பாக்ஸ் ஆக்க வேண்டாம்.

அலுமினியமும் ஃபாயிலும்: சட்னி, சாம்பார் போன்ற புளிப்பான உணவுகளை அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருப்பது பாதுகாப்பானதல்ல என்று ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எனவே ஃபாயிலில் சப்பாத்தி சுற்றலாம், புளியோதரை வேண்டாம்.

வடையை நியூஸ்பேப்பரில் சுற்றி டப்பாவில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அச்சு மையில் உள்ள பொருட்கள் எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பலமுறை எச்சரித்திருக்கிறது.

பிள்ளையால் திறக்க முடியுதா?

சாப்பாடு மிச்சமாக வருவதற்குப் பல நேரம் ருசி காரணமே இல்லை. டப்பாவைத் திறக்க முடியாததுதான் காரணம்.

சூடாக மூடிய டப்பா ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே கஷ்டமாக இருக்கும். எல்கேஜி பிள்ளை என்ன செய்யும்? கூச்சப்பட்டு டீச்சரிடம் கேட்காமல், ஸ்நாக்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்துவிடும்.

அதனால் கடையிலேயே பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். மூடியில் ரப்பர் குமிழ் போல சின்ன வால்வு வைத்த மாடல்கள் வருகின்றன. அதைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி எளிதாகத் திறக்கும். வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டோடு கட்டிக் கொடுத்து, தானாகத் திறந்து, சாப்பிட்டு, மூடிப் பார்க்க விடுங்கள்.

அளவும் முக்கியம். பிள்ளை வீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு சாதம் சாப்பிடுகிறதோ அதை ஒரு கப்பில் அளந்துகொள்ளுங்கள். டப்பாவின் கொள்ளளவு மில்லி லிட்டரில் போட்டிருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய டப்பா வாங்கினால், அது நிரம்பும்வரை வைக்கத் தோன்றும். லஞ்ச் பிரேக்கில் கை கழுவி, இடம் பிடித்து, பேசி, சாப்பிட்டு முடிக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

அறைகள் எத்தனை? இரண்டு போதும் என்பதே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். ஒரு அறையின் குழம்பு இன்னொரு அறைக்குத் தாவாமல் இருக்க, மூடியில் உள்ள சிலிக்கான் வளையம் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக மூடுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றி, தலைகீழாகப் பிடித்து, நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகு நோட்டுப் புத்தகங்களோடு பையில் வையுங்கள்.

வாடை எங்கிருந்து வருது?

டப்பாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை என்றால், மூடியின் ஓரத்தில் இருக்கும் அந்த சிலிக்கான் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் எண்ணெய்ப் பிசுக்கும், சில நேரம் கறுப்புப் பூஞ்சையும் இருக்கும். வாரம் இரண்டு முறையாவது அதைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வளையத்தைக் கழற்ற முடியாத மாடலாக இருந்தால், வாங்கவே வேண்டாம். உதிரி வளையம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை வீட்டுக்கு வந்ததும் டப்பா பையிலிருந்து சிங்க்குக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பையிலேயே மறந்து, திங்கட்கிழமை காலை திறக்கும் அனுபவம் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும். கழுவிய டப்பாவை மூடிவைக்காமல் திறந்தே காயவிடுங்கள். பிடிவாதமான வாடைக்கு, எலுமிச்சைத் தோலால் தேய்ப்பதும் கொஞ்சம் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைப்பதும் உதவும்.

கடைக்குப் போகும் முன் ஒரு நிமிடம்

* சாப்பிடும் இடத்தில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா? கண்ணாடி டப்பா. ராத்திரியே சமைத்து, குளிராகவே கொண்டுபோங்கள்.
* இரண்டும் இல்லையா? வேக்கம் ஸ்டீல் டப்பா. வெந்நீரால் சூடாக்கி, கொதிக்கக் கொதிக்கக் கட்டுங்கள்.
* சின்னப் பிள்ளைக்கா? எளிதில் திறக்கும் சின்ன எவர்சில்வர் டப்பா. ஆவி அடங்கிய, ஈரம் குறைந்த சாப்பாடு.
* எதுவாக இருந்தாலும்: ஐஎஸ்ஐ முத்திரை, கழற்றிக் கழுவக்கூடிய வளையம், உலுக்கினால் கசியாத மூடி.

இன்னொன்று. இன்று மாலை டப்பா மிச்சத்தோடு திரும்பி வந்தால், "ஏன் சாப்பிடல?" என்று தொடங்க வேண்டாம். "திறக்க முடிஞ்சுதா? சாப்பிடும்போது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். காலை 5.30-க்கு எழுந்து ஒருவர் சமைத்த சாப்பாடு ஏன் வீணானது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். புது டப்பா வாங்க வேண்டுமா, இருக்கும் டப்பாவில் மூடும் முறையை மட்டும் மாற்றினால் போதுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.